வேப்பமரத்தடிக் கத்தோலிக்கர்

முகையூரில் பெண் பார்க்க வருகிறவர்கள் முன்பெல்லாம் நிலம் எத்தனை காணி, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு என்று விசாரிப்பதற்கு முன்னாலேயே, வீட்டில் சாமியார் யாராவது உண்டா என்று கேட்டுவிடுவார்கள். "ஒரு சாமியார், ரெண்டு சிஸ்டர்" என்று எங்கள் பெரியப்பா பதில் சொல்லும்போது, அஞ்சு எச்.பி. மோட்டார் வைத்திருப்பவரின் தோரணை அவருக்கு வந்துவிடும். அந்த இரண்டு சிஸ்டர்களில் ஒருவர் மூன்று தலைமுறை தள்ளிய சொந்தம். அதனால் என்ன? சாமியார்களையும் சிஸ்டர்களையும் விளைவித்து நாடு முழுக்க அனுப்பிய ஊர் அது. கணக்கில் ஒன்று கூடினால் யார் சரிபார்க்கப் போகிறார்கள்!

கேட்பது இன்றைக்கும் நிற்கவில்லை, கேள்விதான் மாறிவிட்டது. என் அக்கா மகனுக்குப் பெண் பேசப் போன இடத்தில் சம்பளம், சொந்த வீடு, நட்சத்திரம் எல்லாம் கேட்டு முடித்தார்கள். (கத்தோலிக்கர்கள் நட்சத்திரம் பார்ப்பதில்லை. 'சும்மா தெரிஞ்சிக்கத்தான்' கேட்பார்கள்.) கடைசியில் பெண்ணின் தாத்தா, "பையன் ஒழுங்கா கோவிலுக்குப் போறானா?" என்றார். அக்கா ஒரு நொடி தயங்கி, "மெட்ராஸ்ல அவனுக்கு ஷிப்ட் வேலைங்க" என்றாள். கேட்டதற்கும் சொன்னதற்கும் சம்பந்தமில்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்தது. பக்கோடா தட்டு உடனே இன்னொரு சுற்று வந்தது.

மகிமை மாதா திருவிழாவுக்கு ஊருக்கு வந்திருந்தபோது அவனே என்னை மாடிக்குத் தள்ளிக்கொண்டு போனான். கீழே ரேடியோ செட்டுக்காரர் மாதா பாட்டை மூன்று ஊருக்குச் சேர்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். "மாமா, ஒன்னு சொல்லுவேன், அம்மாகிட்ட சொல்லக்கூடாது." எங்கள் காலத்தில் இப்படி ஆரம்பித்தால் அது காதல்தான். எனக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷம்கூட வந்தது. குடும்பத்தில் நல்லதாக ஒரு கலாட்டா நடந்து வெகுநாளாகிறது. ஆனால் அவன் சொன்னது வேறு. "நம்ம சர்ச்சுலயே இருக்கணுமான்னு தெரியல மாமா. வெறுப்பெல்லாம் ஒன்னுமில்ல. ஆனா தெரியல."

அந்த 'வெறுப்பெல்லாம் ஒன்னுமில்ல' எனக்கு உறைத்தது. நாங்கள் நன்றாக வெறுத்திருக்கிறோம். சாமியாரை வெறுத்து, நாட்டாமையை வெறுத்து, பாட்டுக்குழுவில் ஆர்மோனியம் வாசித்தவரை வெறுத்து, அத்தனையோடும் கல்லறைத் தோட்டம் வரைக்கும் அந்தக் கோவிலிலேயே இருந்திருக்கிறோம். இவர்கள் யாரையும் வெறுக்காமல், புன்னகையோடு, சத்தமில்லாமல் கிளம்பிப் போய்விடுகிறார்கள்.

அவன் காரணங்கள் புதியவை அல்ல. பிரசங்கத்தில் மனசு ஒட்டவில்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மண்டபத்தில் நடக்கிற ஆராதனைக்கு நண்பன் கூட்டிப்போக, அங்கே பாஸ்டர் இவன் பெயரைக் கேட்டிருக்கிறார். அடுத்த வாரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுமிருக்கிறார். சென்னையில் இவன் சந்தா கட்டுகிற பங்கில் இவன் யாரென்று மெழுகுவத்தி விற்கிறவருக்குக்கூடத் தெரியாது. அங்கே ஒருவர் வரவு செலவு கேட்டதற்கு, 'நீ யாருப்பா?' என்றார்களாம். மாதாவைப் பற்றி நண்பன் கேட்ட கேள்விக்கு இவனிடம் பதில் இல்லை. எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், "அப்புறம் சாதி. அதை நீங்களே பேசமாட்டீங்க. நான் என்னாத்த பேசறது?" என்றான்.

அவன் வயதில் எனக்கு ஒரு சந்தேகமும் இருந்ததில்லை. விசுவாசம்தான் காரணம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில், வீட்டில் விவிலியம் இல்லாததே காரணம். எங்கள் ஆயாவுக்குச் 'சின்னக் குறிப்பிடம்' என்ற ஞானோபதேசப் புத்தகம் முழுக்க மனப்பாடம். கேள்வியும் அதிலேயே இருக்கும், பதிலும் அதிலேயே இருக்கும். நாமாகக் கேட்கத் தேவையே இராது. லத்தீன் பூசையின் பதில்களும் அவளுக்கு வாயில் தண்ணீராக வரும், ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாது. 1962 முதல் 1965 வரை ரோமில் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு சாமியார் எங்கள் பக்கம் திரும்பி நின்று தமிழில் பூசை வைத்தபோது, ஆயா முதல் நாள் முழுக்கக் கேட்டுவிட்டு, "இத்தினி வருசமா இதத்தான் சொல்லிக்கிட்டிருந்தாரா?" என்று கேட்டாளாம். ஏமாற்றமா, நிம்மதியா என்று அம்மாவால் கடைசிவரை சொல்ல முடியவில்லை.

பைபிள் என்பது மற்றவர்களுடைய சமாச்சாரம். தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1714, 15ஆம் ஆண்டுகளில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்தார். நம் வீரமாமுனிவர், தேம்பாவணி எழுதிய அதே கையால், லுத்தரன்களைச் சாடிப் 'பேதகம் மறுத்தல்' எழுதினார். அந்தச் சண்டையின் மிச்சம் இருநூற்றைம்பது ஆண்டு கழித்து எங்கள் திண்ணையில் நடந்தது. திருவண்ணாமலை டேனிஷ் மிஷன் பள்ளியில் படித்த ஒரு மாமா சோறு சாப்பிடும்போது வசனம் சொல்வார். ஆயா மோரைத் தூர வைத்துவிடுவாள். மோர் வேண்டுமானால் வசனத்தை நிறுத்த வேண்டும். அவர் பெரும்பாலும் நிறுத்திவிடுவார்.

அப்புறம் 1995இல் திருவிவிலியம் வந்தது. கத்தோலிக்கர்களும் சீர்திருத்த சபையாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பு. அதற்குத் திண்டிவனத்தில் இருக்கிற தமிழ்நாடு விவிலிய மறைக்கல்வி வழிபாட்டுப் பணிநிலையம் பாடுபட்டது. எங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள் செய்த காரியம் என்று நாங்கள் கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டோம். பூசையில் வைத்து மந்திரித்து, வீட்டுக்கு ஒன்று வாங்கி, திருஇருதயப் படத்துக்குக் கீழே மஞ்சள் துணி விரித்து வைத்தோம். படிக்கச் சொல்லித்தான் கொடுத்தார்கள். பெரியவர்கள் நாங்கள் ஊதுவத்தி காட்டினோம். பிள்ளைகள் படித்துவிட்டார்கள். படித்தவன் கேட்காமல் இருப்பானா? திருச்சபை முந்நூறு வருஷம் தயங்கி, கடைசியில் துணிந்து, அழகாக அச்சடித்துக் கையில் கொடுத்த புத்தகத்தை வைத்துக்கொண்டே அவர்கள் திருச்சபையைக் கேள்வி கேட்கிறார்கள். இதற்குச் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று ஆயர்களுக்கே தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். எனக்கென்னவோ சந்தோஷம்தான். கேட்காமல் கிடந்த எங்களைவிடக் கேட்டுவிட்டுத் தவிக்கிறவன் சுவிசேஷத்துக்கு ஒரு படி பக்கத்தில் நிற்கிறான்.

அல்லேலூயாக்காரர்கள் தெருவுக்குள் வந்தால் அந்தக் காலத்தில் வாசல் தெளிக்கிற சாணித் தண்ணீருக்குத் திடீரென்று வேலை வந்துவிடும். வெள்ளைச் சேலை, வெறுங்கழுத்து, கையில் துண்டுப் பிரசுரம். தண்ணீர் தற்செயலாகத்தான் படும். அவர்கள் "ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். (1964லேயே வத்திக்கான் சங்கம் அவர்களைப் பிரிந்த சகோதரர்கள் என்று ஏற்றுக்கொண்டாகிவிட்டது. எங்கள் தெருவுக்குத் தகவல் வரத் தாமதம்.) இன்றைக்கு எங்கள் கத்தோலிக்கக் கோவில்களிலேயே நற்கருணை ஆராதனையில் கண்ணை மூடிக் கையை உயர்த்திப் பாடுகிற பாட்டுகளில் பாதிக்குமேல் ஜெபத்தோட்டம் பெர்க்மான்ஸ் எழுதியவை. அவர் கத்தோலிக்கக் குருவாக இருந்து வெளியே போனவர். போனவரின் பாட்டைப் பாடித்தான் இருக்கிறவர்களை இருத்திவைத்திருக்கிறோம். இதை அக்கா மகனிடம் சொன்னேன். அவனுக்குத் தெரியவில்லை. "அது நம்ம பாட்டுன்னு நெனச்சேன்" என்றான். நம்ம பாட்டுத்தான், போ.

என் அம்மாவழித் தாத்தாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஊர் பெயர் வேண்டாம். முகையூருக்குத் தூரமில்லாத பழைய பங்கு, அவர் சண்டை போட்ட ஆட்களின் பேரன்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். கோவில் நிலத்தில் புளியமரங்கள் உண்டு. வருஷாவருஷம் புளி உலுக்க ஏலம் விடுவார்கள். ஒரு வருஷம் தாத்தா அதிகம் கேட்டிருந்தும் சாமியார் இன்னொருத்தருக்கு முடித்துவிட்டார் என்பது தாத்தா கட்சி. தாத்தா கேட்டது வெறும் வாய்க்கணக்கு, மற்றவர் முன்பணம் வைத்தார் என்பது சாமியார் கட்சி. கோவில் முற்றத்தில் வைத்துத் தாத்தா, "இந்த ஆளு இருக்கறவரைக்கும் உள்ள கால் வைக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

சொன்ன பிறகுதான் சிக்கல். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாவிட்டால் சாவான பாவம். உள்ளே போனால் மானம் போகும். கோவிலின் தெற்கு வாசலுக்கு நேரே ஒரு வேப்பமரம் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் பீடம் தெரியும், கொஞ்சம் குனிந்து பார்த்தால் சாமியாரும் தெரிவார். தாத்தா சலவை வேட்டியும் துண்டுமாகச் சரியாக இரண்டாம் மணிக்கு வந்து மரத்தடியில் நிற்பார். எழுந்தேற்ற மணி அடித்ததும் துண்டை மண்ணில் விரித்து முழங்காலில் இருப்பார். பிரசங்கத்துக்கு மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு வெற்றிலை போடுவார். வருஷத்துக்கு ஒருமுறை பாவசங்கீர்த்தனம் செய்து பாஸ்குக் கடமை தீர்க்க வேண்டுமே? விழுப்புரத்துக்குப் பஸ் ஏறி, முகம் தெரியாத சாமியாரிடம் செய்துவிட்டு, அப்படியே நன்மையும் வாங்கிக்கொண்டு, ஓட்டலில் இட்லி சாப்பிட்டுத் திரும்புவார். பாவத்தில் புளியமரம் வந்ததா என்று ஆயா கேட்பாள். "அது என் பாவமில்ல" என்பார்.

அந்தச் சாமியாருக்கு மாற்றல் வந்தது. கிளம்புகிற அன்றைக்குத் தாத்தா தன் சொந்த மரத்துப் புளியைக் கொட்டை எடுத்து ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு போய் ஜீப்பில் வைத்தார். "போற ஊர்ல நல்ல புளி கெடைக்குமோ என்னவோ, சாமி." இரண்டு பேரும் வேறெதுவும் பேசவில்லையாம். சபதம் முடிந்துவிட்டது, அடுத்த ஞாயிறு தாத்தா உள்ளே வருவார் என்று ஊரே காத்திருந்தது. அவர் மரத்தடிக்கே போனார். கேட்டதற்கு, "உள்ள காத்து வராது" என்றார். அதற்குள் அங்கே இன்னும் நாலைந்து பேர் சேர்ந்திருந்தார்கள். திருவிழாக் கணக்கில் கோபித்தவர், தேர் வடம் பிடிப்பதில் மரியாதை குறைந்தவர், மகள் கல்யாண ஓலை வாசிக்கும்போது பெயரைத் தப்பாகப் படித்தார்கள் என்று வந்தவர். ஆளுக்கொரு வழக்கு. காணிக்கைத் தட்டு எடுத்து வருகிற பையன் அவர்களுக்காகத் தெற்கு வாசலைத் தாண்டி மரத்தடிக்கும் ஒரு நடை போய்விட்டு வருவான். கோவித்துக்கொண்டு வெளியே நின்றவர்கள் தட்டில் அதிகம் போட்டார்கள் என்று அம்மா சொல்வாள்.

இதைச் சொன்னபோது அக்கா மகன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு, "அவருக்குப் போறதுக்கு வேற எடமே இல்ல மாமா. அதனாலதான் இருந்தாரு" என்றான். கெட்டிக்காரன். அதிலும் உண்மை உண்டு. போனால் ஊர்க்கட்டு, பெண் எடுக்க மாட்டார்கள், கொடுக்க மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேல் கல்லறை. சபைக்குப் போனவர்களைப் பங்குக் கல்லறையில் வைக்க விடுவார்களா மாட்டார்களா என்ற தகராறில் ஐஸ் பெட்டியோடு காத்திருந்த குடும்பங்கள் உண்டு. ஆறடி நிலத்துக்காக அறுபது வருஷம் கத்தோலிக்கராக இருந்தவர்களை எனக்குத் தெரியும். அதையெல்லாம் விசுவாசம் என்று கணக்கெழுதி நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டோம்.

ஆனால் வேப்பமரத்தடி எல்லோருக்கும் கிடைத்த வசதியில்லை. புளி ஏலத்தில் தோற்றவர் தாமாக வெளியே போய் நின்றார். வெளியேதான் நிற்க வேண்டும் என்று பிறக்கும்போதே சொல்லப்பட்டவர்களின் கதை வேறு.

எறையூர் எங்களுக்கு அயலூர் இல்லை. ஒரே புதுச்சேரி கடலூர் உயர்மறைமாவட்டம். அன்றைக்கு மாவட்டமும் ஒன்றுதான், 2019இல் பிரித்த பிறகு அது கள்ளக்குறிச்சிக்குப் போய்விட்டது. அங்கே தலித் கத்தோலிக்கர்கள் தங்கள் பகுதியிலிருந்த சகாய மாதா சிற்றாலயத்தைத் தனிப் பங்காக்கித் தரச் சொன்னார்கள். பெரிய கோவிலில் தங்களுக்குச் சமமான இடமில்லை, சவ ஊர்வலம் போகிற பாதையில்கூடப் பாகுபாடு என்பது அவர்கள் வழக்கு. 2008 மார்ச் 9 அன்று வன்னியக் கத்தோலிக்கர்கள் அவர்கள் வீடுகளைத் தாக்கினார்கள். போலீஸ் சுட்டதில் தாக்கிய தரப்பில் இரண்டு பேர் செத்தார்கள். அன்றைக்குத் தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. உலகம் முழுக்கக் கத்தோலிக்கக் கோவில்களில் அன்று வாசித்தது, லாசரைக் கல்லறையிலிருந்து எழுப்பிய சுவிசேஷம்.

புதுச்சேரிக் கோவிலுக்குள் தலித்துகளைப் பிரிக்க எழுப்பியிருந்த சுவரை 1745இல் இடித்த கதையை ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். சுவர் போய் இருநூற்று அறுபத்து மூன்று வருஷம் கழித்து எறையூர். 2003இல் தமிழக ஆயர்களைச் சந்தித்தபோது போப் இரண்டாம் ஜான் பால் சாதிப் பாகுபாட்டை நேராகவே கண்டித்தார். 2016இல் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கை ஒன்றை வெளியிட்டு, திருச்சபைக்குள்ளேயே தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. 2022இல் ஹைதராபாத் பேராயர் அந்தோணி பூலா தலித் சமூகத்திலிருந்து வந்த முதல் கர்தினால் ஆனார். இன்னொரு பக்கம் 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை இருக்கிறது. அதன்படி கிறிஸ்தவர் ஆனவர் அட்டவணைச் சாதி இல்லை. சீக்கியர்களை 1956இலும் பௌத்தர்களை 1990இலும் சேர்த்துக்கொண்டார்கள், கிறிஸ்தவர்களை இல்லை. ஆக, கிறிஸ்தவத்துக்குள் சாதி கிடையாது என்று இன்றைக்கும் மனதார நம்புகிற ஒரே ஆவணம் அந்த அரசாணைதான்.

எறையூர்க்காரர்கள் கேட்டதைக் கவனிக்க வேண்டும். திருச்சபையை விட்டுப் போகிறோம் என்று அவர்கள் கேட்கவில்லை. அதற்குள்ளேயே இருக்க ஒரு வாசல் கேட்டார்கள். என்னோடு வேலை பார்த்த தலித் கத்தோலிக்க நண்பரிடம் அந்த வாரம், "நீங்க இதெல்லாம் விட்டுட்டுப் போயிடலாமே" என்று யாரோ அனுதாபமாகச் சொன்னார்கள். அவர் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே, "போகச் சொல்றதும் நீங்கதான், பொறுத்துக்கிட்டு இருக்கச் சொல்றதும் நீங்கதான். உங்களப் போகச் சொல்லி யாருனா கேட்டாங்களா?" என்றார். பாமா கன்னியர் மடத்தை விட்டு வெளியே வந்து எழுதிய 'கருக்கு' 1992இல் வந்தது. அதைப் படித்த பிறகும், அவமானப்பட்டு நிற்கிற ஒருவரிடம் போய் 'சகோதரரே, நிலைத்திருங்கள்' என்று சொல்ல எனக்கு வாய் வராது. சாதியால் வலிப்பது அவர்களுக்கு. இருப்பதா போவதா என்று முடிவெடுக்கிற உரிமையும் அவர்களுக்கே. என் அக்கா மகனுக்கு அந்த வலி இல்லை. அவன் முன்வரிசைப் பெஞ்சுக்காரன் பேரன். அதையும் அவனிடம் சொன்னேன். "சாதி பிடிக்கலன்னு நீ போயிட்டா, சாதிய ரொம்பப் பிடிச்சவன் மட்டும்தான்டா மிச்சம் இருப்பான்." பதில் சொல்லவில்லை.

2020 ஊரடங்கு எங்களை இன்னும் வேடிக்கையாக்கியது. அக்கா மாதா டிவியில் பூசை பார்த்தாள். எழுந்தேற்றத்துக்கு டிவி முன்னால் முழங்காலில் இருந்தாள். குக்கர் விசில் அடித்தால் எழுந்து போய்விட்டு வந்து விட்ட இடத்தில் முழங்காலிட்டாள். அந்தப் பக்கம் இவன் போனில் இரண்டு சபை, ஒரு கத்தோலிக்கத் தியான இல்லம், அமெரிக்காவில் ஒரு பாஸ்டர். ஒரு நாளைக்கு நாலு பிரசங்கம் கேட்டிருக்கிறான். அவ்வளவும் கேட்ட பிறகும், தன்னை யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்களா என்றுதான் அவனுக்கு இருந்திருக்கிறது.

அவனுக்கு நான் சொன்னதில் பெரிய ஞானம் எதுவும் இல்லை. தோமையாரைப் பற்றிப் பேசினேன். பரங்கிமலைக்காரர், நம்ம ஆள். உயிர்த்த ஆண்டவர் வந்தபோது அவர் மட்டும் அங்கே இல்லை. ஏன் இல்லை என்று சுவிசேஷத்தில் காரணம் கிடையாது. நம்பமாட்டேன் என்றார். அதைத்தான் எல்லா பிரசங்கத்திலும் சொல்லிச் சொல்லி அவர் மானத்தை வாங்குகிறார்கள். ஆனால் அதற்கப்புறம் எட்டு நாள் அவர் எங்கே இருந்தார்? அந்தப் பத்துப் பேரோடுதான், கதவைச் சாத்திய அதே வீட்டில். நம்பாமலேயே இருந்திருக்கிறார். அவர்களும், 'நம்பாதவனுக்கு இங்கே என்ன வேலை' என்று வெளியே தள்ளவில்லை. அந்த எட்டு நாளில் சாப்பாட்டு வேளையில் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. "நீயும் இன்னும் கொஞ்ச நாள் தெரியாமலேயே இரு. தெரிஞ்சாத்தான் இருக்கணும்னு எவன் சொன்னான்?" என்றேன்.

மற்றதெல்லாம் நடைமுறை. திருவிழா அன்றைக்கும், சாமியாரோடு சண்டை போட்ட அன்றைக்கும் முடிவு எடுக்காதே, இரண்டுமே போதை. சாமியாருக்கு மாற்றல் உண்டு, உனக்குக் கிடையாது. பிரசங்கம் பிடிக்கவில்லையென்றால் பக்கத்துப் பங்குக்குப் போ, பாவமில்லை. வாயைத் திறந்து பேசு: 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 212ஆம் சட்டம், மேய்ப்பர்களிடம் தங்கள் கருத்தைச் சொல்வது இறைமக்களின் உரிமை, சில சமயம் கடமை என்கிறது. 537ஆம் சட்டம் ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தாக வேண்டும் என்கிறது. அதைச் சொல்லிக் கணக்குக் கேள். குழந்தைகள்மேல் கை வைக்கிற விஷயம் எதையாவது பார்த்தால் மட்டும் பொறுமை, ஜெபம், மாற்றல் ஒன்றும் பேசாதே. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், நேராகப் போலீஸ் ஸ்டேஷன். இவ்வளவுக்கும் அப்புறம் அந்த மண்டபத்துக்கே போகிறாயா, போ. அவர்களும் அதே ஆண்டவரைத்தான் கும்பிடுகிறார்கள். ஆனால் அம்மாவிடம் ஷிப்ட் வேலை என்று சொல்லாமல் உண்மையைச் சொல்லிவிட்டுப் போ.

"நீங்க ஏன் மாமா இருக்கீங்க?" என்று திடீரென்று கேட்டான்.

மாதா, தேவதிரவிய அனுமானங்கள், பாட்டன் பூட்டன் என்று வரிசையாக ஏதாவது சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது இதுதான்: "ஆபீஸ்ல எனக்கு ஒத்துப்போறவங்களோட இருந்தேன். சிநேகிதக்காரங்க எனக்குப் பிடிச்சவங்க. எனக்குச் சுத்தமா பிடிக்காதவங்க பக்கத்துல நின்னு, அவன் கையப் புடிச்சி சமாதானம் சொல்லிட்டு, ஒரே அப்பத்த சாப்பிட்டு வர்றது அந்த ஒரு எடத்துலதான். அது இல்லன்னா நான் இன்னும் மோசமான ஆளா இருந்திருப்பேன்."

"இது ஒரு காரணமா?"

"எனக்கு இதுதான்."

அவன் திருப்தியானதாகத் தெரியவில்லை. கீழே தேர் கிளம்புகிற வெடிச்சத்தம் கேட்டதும் இறங்கிப் போய் வடத்தைப் பிடித்துக்கொண்டான். அவன் தாத்தா காலத்தில் அந்த இடத்துக்கு அடிதடி நடக்கும். இப்போது ஆள் பற்றாமல் மைக்கில் கூப்பிடுகிறார்கள். பையன்கள் பாதிப்பேர் துபாயில் இருக்கிறார்கள், மீதிப்பேர் தேரை வீடியோ எடுக்கிறார்கள். 2006 தேர்தலோடு முகையூர் என்ற சட்டமன்றத் தொகுதியே இல்லாமல் போய்விட்டது, ஓட்டுப் போடுகிற ஊர்ப்பெயர்கூட மாறிவிட்டது. தேர் மட்டும் இன்னும் அதே தெருக்களில்தான் சுற்றுகிறது. எல்லாத் தெருவிலும் சுற்றுகிறதா என்பதைத் தேர் வருகிற எந்த ஊரிலும் அந்தந்த ஊர்க்காரர்கள் தங்களையே கேட்டுக்கொள்ளட்டும்.

சென்னைக்குத் திரும்பி அவன் நிஜமாகவே தன் பங்கில் போய்க் கணக்குக் கேட்டிருக்கிறான், சட்ட எண்ணோடு. பங்குச் சாமியார் இவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தம்பி என்ன படிச்சிருக்கீங்க?" என்றாராம். பி.காம். என்று உண்மையைச் சொல்லித் தொலைத்துவிட்டான். கணக்குக் கேட்கப் போனவனைக் கணக்கெழுத உட்காரவைத்துவிட்டார்கள். இப்போது நிதிக்குழுவில் இருக்கிறான். சனிக்கிழமை சாயந்திரம் அந்த மண்டபத்து ஜெபக் கூட்டத்துக்கும் இன்னும் போகிறான். அங்கே பாட்டு நன்றாக இருக்கிறதாம். அக்காவிடம் இரண்டையும் சொல்லிவிட்டான். அவள் என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை.

போன வாரம் ராத்திரி பத்தரைக்குப் போன் வந்தது.

"மாமா, மெழுகுவத்தி வித்த காசு ஒரு நோட்டுல ஒரு மாதிரி இருக்கு, இன்னொரு நோட்டுல வேற மாதிரி இருக்கு. நாலாயிரம் இடிக்குது. அந்தச் சட்டம் நம்பர் என்ன சொன்னீங்க?"

"ஐந்நூத்தி முப்பத்தேழு."

"நாளைக்கு கமிட்டில காட்டினா சாமியார் கோவிச்சுக்குவாரா?"

"கோவிச்சுக்குவாரு."

"சரி, அப்ப அந்தப் பக்கத்த போட்டோ எடுத்து அனுப்புங்க. ரெண்டு காப்பி போட்டு எடுத்துட்டுப் போறேன்."